கோடு விழுந்த ரூபாய், கோடு விழுந்த டொலர்

எனக்கு எழுத்து வடிவாக வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். முற்றுப்புள்ளி எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு பக்கத்தை ஒரே மூச்சில் எழுதிவிடுவேன். மறதியும் கூடிவிட்டது. முகங்கள் நினைவில் நிற்கின்றன, ஆண்டுகள் நிற்பதில்லை. சொன்னதையே திருப்பிச் சொன்னால் வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் முதியோர் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, ஒடியற்கூழ் காய்ச்சுகிற விதத்தை எழுதித் தருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். கூழைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மாமாவின் காசைப் பற்றி எழுத அண்ணையும் நானும்தான் மிச்சம். அண்ணை எழுதமாட்டார், சொல்லுவார். அவர் சொல்லிச் சொல்லித்தான் இவ்வளவும் வந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் குடும்பத்தில் அவருக்குப் பெயர் கள்ளக்காசு மாமா. அண்ணை இங்கே மொன்றியலில், பியர்பொன்ட்ஸில் மகன் வீட்டில் இருக்கிறார். அங்கே வீட்டுக்கு அடியில் இருக்கிற பேஸ்மென்ரில் யாருடைய பிறந்தநாள் நடந்தாலும், கேக் வெட்டி முடிந்த கையோடு யாராவது ஒருவர் கள்ளக்காசு மாமாவைச் சொல்லுங்கோவன் என்று எடுத்துக் கொடுப்பார். அண்ணை வேண்டாம் வேண்டாம் என்றுகொண்டே கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொள்வார். கதையின் கடைசியில் மாமா சொல்கிற ஒரு வசனம் வரும்: "அந்த ஆணி காணாது, முதலாளி." அந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். பிரெஞ்சைத் தவிர வேறொன்றும் வாயில் வராத பிள்ளைகள்கூட அந்த வசனத்தை மட்டும் தமிழில் பாடமாக்கி வைத்திருந்து அண்ணையோடு சேர்ந்து சொல்லுவார்கள். ஈயக் காசு வார்த்துப் பிடிபட்ட ஒருவர், பிடித்தவருக்கே ஆணி போதாது என்று புத்தி சொன்னால் சிரிப்பு வராதா? நானும் மூலையில் இருந்து சிரித்திருக்கிறேன். நாலு பேருக்கு முன்னால் எனக்கு வாய் திறந்து பழக்கமில்லை, சிரிப்பதற்கு வாய் திறந்தால் போதும்.

நடந்ததை நான் கண்டபடி சொல்கிறேன்.

எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. எங்களுடையது கடலை அண்டிய ஊர். மாமா எங்களோடுதான் இருந்தார். ரோச் லைற், ரேடியோ, ஓட்டைப் பாத்திரம், எதைக் கொடுத்தாலும் ஈயம் ஒட்டித் திருத்திவிடுவார். கடற்தொழில் செய்கிறவர்களுக்கு வலையின் அடியில் கட்டுகிற ஈய மணிகளையும் அவரே உருக்கி வார்ப்பார். மாட்டுக் கொட்டிலின் ஒரு பக்கம் அவருடைய வேலையிடம். அங்கே ஈயம் உருக்குகிற கரண்டியும், மணி வார்க்கிற கல்லும் கிடக்கும். கையெல்லாம் சூட்டுத் தழும்பு. அந்தக் கையோடுதான் அவருக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டார் வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாக இருந்தது.

அப்போது ரூபாய்க்குக் குத்தி, உலோகக் காசு, வந்த புதிது. அதுவரைக்கும் எங்கள் கைகளுக்குள் ரூபாய் என்றால் தாள்தான். தபாற்கந்தோரில் இருந்த ஐயாவின் ரேடியோவைத் திருத்திக் கொடுத்ததற்கு மாமாவுக்கு ஒரு புது ரூபாய்க் குத்தி கிடைத்தது. வெள்ளிக்கிழமை வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுக்க வேண்டுமே என்று அந்தக் குத்தியை என் கையில் தந்து, சந்திக் கடையில் சீனியும் தேயிலையும் வாங்கிவரச் சொன்னார். நான் அதை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனேன். கையை விரித்தால் காசு வேர்த்துப் போயிருந்தது.

சந்திக் கடை முதலாளி பொல்லாத மனிதர் இல்லை. ஆனால் கெட்டிக்காரர் என்று பேர் எடுத்தவர். அந்தப் பேரைக் காப்பாற்றுவது அவருக்கு ஒரு வேலை. காசை வாங்கினார், திருப்பினார், கண்ணாடியை எடுத்துப் போட்டார். சிங்கம் இருந்த பக்கத்தில் விளிம்பிலிருந்து விளிம்பு வரைக்கும் தலைமயிர் போல ஒரு கோடு. பெருவிரல் நகத்தால் அதன் மேல் மெல்ல இழுத்துப் பார்த்தார். நகம் தடக்கியது. அவருடைய முகம் மலர்ந்ததை நான் கண்டேன். எனக்கு ஏதோ பரிசு தரப்போகிறார் என்றுகூட நினைத்தேன்.

கடையில் நின்றவர்களுக்கு அவர் விளங்கப்படுத்தினார். கீறல் என்றால் பள்ளமாக இருக்கும். இந்தக் கோடு புடைத்து மேலே நிற்கிறது. வார்க்கிற கல்லில் வெடிப்பு இருந்தால்தான் இப்படி வரும். வெடிப்புக்குள் ஈயம் ஓடி, ஆறிய பிறகு கோடாக நிற்கும். சொல்லிவிட்டு, கடையில் விற்பதற்கு வைத்திருந்த ஈய மணி ஒன்றை எடுத்துக் காட்டினார். மாமா வார்த்த மணி. அதன் வயிற்றிலும் ஒரு கோடு புடைத்து நின்றது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? காசும் மணியும் கைக்குக் கை மாறின. எல்லோரும் நகத்தால் தடவிப் பார்த்தார்கள். காசைச் சுண்டிச் சத்தம் கேட்டுப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் புதுக் காசு எப்படிச் சத்தம் போடும் என்று யாருக்குத் தெரியும்? நான் சீனி கேட்கவும் தெரியாமல், திரும்பிப் போகவும் தெரியாமல் அரிசி மூட்டையோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

சந்தியில் விளையாடிக்கொண்டிருந்த அண்ணையை அனுப்பி மாமாவைக் கூப்பிட்டார்கள். மாமா வேலை செய்த கோலத்தோடு வந்தார். தபாற்கந்தோர் ஐயா தந்த காசு என்றார். அரசாங்க உத்தியோகத்தரிடம் போய் நீங்கள் கள்ளக் காசு கொடுத்தீர்களா என்று கேட்க அந்தச் சந்தியில் ஒருவருக்கும் துணிவில்லை. மாமாவைக் கேட்பதற்கு எல்லோருக்கும் துணிவிருந்தது.

அந்த நாளில் கடைகளில் ஒரு வழக்கம். கெட்ட காசு பிடிபட்டால் திருப்பிக் கொடுக்கமாட்டார்கள். கொடுத்தால் இன்னொரு கையை ஏமாற்றும். கடை வாசற் பலகையில் வைத்து, நடுவில் ஆணி அடித்துவிடுவார்கள். சந்திக் கடைப் பலகையில் ஏற்கெனவே கறுத்துப்போன ராசா தலைக் காசுகள், ஈயத்தில் வார்த்த கள்ளக் காசுகள், சில இருந்தன. அவற்றை ஒரே அடியில் இறக்கியதாக முதலாளி பெருமையாகச் சொல்லுவார்.

இந்த ரூபாயையும் பலகையில் வைத்து ஓங்கி அடித்தார். ஆணி வளைந்தது. பிள்ளைகள் சிரித்தோம். இன்னொரு ஆணி எடுத்தார். அதுவும் வளைந்தது. மூன்றாவது ஆணி வளைந்து தெறித்து ரோட்டில் போய் விழுந்தது. அண்ணை ஓடிப்போய் அதை எடுத்துக்கொண்டு வந்து எல்லோருக்கும் காட்டினார். முதலாளிக்கு நெற்றியால் வேர்வை ஓடியது. அப்போதுதான் மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றபடி சொன்னார்:

"அந்த ஆணி காணாது, முதலாளி."

சந்தியே சிரித்தது. மாமா பகிடி விடுகிறார், அப்படியென்றால் பயப்பட ஒன்றுமில்லை என்று எண்ணி நானும் சிரித்தேன். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. அவர் தலையை நிமிர்த்தவும் இல்லை. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்துச் சைக்கிள் கடையிலிருந்து கையால் சுற்றித் துளைக்கிற துறப்பணத்தை எடுத்துவரச் செய்தார். வெகுநேரம் சுற்றித்தான் காசில் ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டைக்குள் ஆணியை வைத்துப் பலகையோடு இறுக்கினார். முடிந்தது.

வெள்ளிக்கிழமை ஒருவரும் வரவில்லை. அம்மா சுட்டு வைத்த பலகாரம் எல்லாம் எங்களுக்கே கிடைத்தது. நானும் அண்ணையும் சண்டை பிடித்துத் தின்றோம். அடுத்த கிழமை மாமா திருகோணமலை பஸ்ஸில் ஏறினார். கரண்டியையும் வார்ப்புக் கல்லையும் கொண்டுபோகவில்லை. அங்கே துறைமுகப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது, அங்கேயே கல்யாணம் கட்டினார் என்றெல்லாம் பேந்து கேள்விப்பட்டோம். ஊர்ப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. சில வருடங்களுக்கு முன் செத்தவீட்டுச் செய்திதான் வந்தது.

நான் கடைக்குப் போவது நிற்கவில்லை. சாமான் நிறுக்கிற நேரத்தில் பலகைக்குக் கிட்டப் போய் நின்றுகொள்வேன். அந்தக் காசு என் கண்ணுக்கு நேரே இருந்தது. மற்றவை கறுத்துக் கிடக்க இது மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. ஒருநாள் நகத்தால் அதைக் கிளப்பிப் பார்த்தேன். அசையவில்லை. முதலாளி கண்டுவிட்டார். ஏசப்போகிறார் என்று கையை இழுத்துக்கொண்டேன். அவர் போத்தல் மூடியைத் திறந்து ஒரு தோடம்பழ இனிப்பை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் போகும் போதெல்லாம் ஒரு இனிப்பு. காசு கேட்கமாட்டார். முதலாளி நல்ல மனிசன் என்று வீட்டில் வந்து சொன்னேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தா.

இவ்வளவும்தான் கதை. இனி மொன்றியலுக்கு வருகிறேன்.

நான் லாசாலில் மகளோடு ஒரு அபார்ட்மென்டில் இருக்கிறேன். கட்டடத்தின் அடியில் உடுப்புத் தோய்க்கிற மெசின்கள் இருக்கின்றன. அவை டொலர் குத்திதான் தின்னும், பறவை போட்ட மஞ்சள் டொலர், லூனி என்பார்களே, அது. மேல் மாடியில் ஒரு வயதான வெள்ளைக்காரர் தனியே இருக்கிறார். அவரும் திங்கட்கிழமைதான் தோய்க்க வருவார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு பொன்ஜூரும் மெர்சியும்தான், அவருக்கு அது போதுமாக இருந்தது. அவர் கழுத்தில் நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போல ஒரு சின்னக் கண்ணாடி தொங்கும். மெசினுக்குள் காசைப் போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் அந்தக் கண்ணாடியால் பார்ப்பார். சிலதைப் போடாமல் சட்டைப் பைக்குள் வைப்பார். தனிய இருக்கிற மனிதர், பொழுது போக வேண்டுமே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

போன வசந்தத்தில் ஒருநாள் அவர் தாங்க முடியாத சந்தோசத்தோடு என்னைக் கூப்பிட்டு ஒரு காசையும் கண்ணாடியையும் கையில் தந்தார். கண்ணில் படர்ந்த வெள்ளையை ஒப்பரேசன் செய்து எடுத்த பிறகு எனக்குப் பார்வை நல்லது. பார்த்தேன். பறவையின் கழுத்திலிருந்து விளிம்பு வரைக்கும் ஒரு கோடு. என்னை அறியாமலே பெருவிரல் நகத்தை அதன் மேல் வைத்தேன். தடக்கியது.

நான் அப்படியே உடுப்புக் கூடையின் மேல் இருந்துவிட்டேன். அந்த மனிதர் பயந்து தண்ணீர் எடுத்துவர ஓடினார்.

மகள் வேலையால் வந்ததும் அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு மேல் மாடிக்குப் போனேன். அம்மாவுக்கு என்ன வந்தது என்று அவள் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நான் யாருடைய கதவையும் தட்டுகிறவள் அல்லவே. அவர் சொல்லச் சொல்ல மகள் தமிழில் சொன்னாள். காசு அடிக்கிற ஆலையில் உருக்கு அச்சு இரண்டு இருக்கும். நடுவில் வெறும் தகட்டை வைத்து அழுத்துவார்கள். அடித்து அடித்து உருக்கு அச்சே களைத்து வெடிக்கும். அந்த வெடிப்புக்குள் தகடு பிதுங்கி, காசில் கோடாகப் புடைத்து நிற்கும். அச்சை மாற்றும் வரைக்கும் அப்படிச் சில காசுகள் வெளியே வந்துவிடும். எழுத்து இரட்டையாக விழுந்தது, பறவையின் கண் அடைபட்டது என்று இன்னும் பல விதம் உண்டாம். அவற்றைத் தேடிச் சேர்க்கிற கூட்டமே இருக்கிறதாம்.

"நல்ல காசோ எண்டு கேள்" என்றேன்.

மகள் கேட்டாள். அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. அரசாங்கம் அடித்த காசு எப்படிக் கெட்ட காசாகும் என்று திருப்பிக் கேட்டார்.

சந்தி முதலாளியின் கணக்கில் பாதி சரி. வெடிப்புக்குள் போனதுதான் கோடாக நின்றது. ஆனால் வெடித்தது மாமாவின் கல் அல்ல. அரசாங்கத்தின் அச்சு. கெட்டிக்காரர், பாதி வழி மட்டும் போய் நின்றுவிட்டார்.

அண்ணைக்கு ரெலிபோனில் சொன்னேன். அண்ணை சிரித்தார். படம் எடுத்து அனுப்பு என்றார். மகள் அந்த மனிதரின் காசைப் படம் எடுத்து அனுப்பினாள். படத்தில் இப்ப என்னவும் செய்யலாம் என்றுவிட்டார் அண்ணை. அவரோடு நான் ஒருநாளும் வாதாடியதில்லை. அன்றைக்கும் வைக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆனி, ஆடி அப்படியே போனது. ஆவணி கடைசியில் ஒரு செய்தி வந்தது. மாமாவின் பேத்தி, மகனின் மகள், இங்கே சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் பயிர்ச்செய்கை படிக்க வந்திருக்கிறாள். அண்ணைக்குப் பெரிய சந்தோசம். தன்னுடைய பிறந்தநாளுக்கு அவளைக் கூப்பிட்டுவிட்டார். அந்த ஒரு நாளைக்காவது அந்தக் கதையை விடச்சொல்லிக் கேட்டேன்.

"அது பகிடிதானே பிள்ளை" என்றார் அண்ணை. "தன்ரை அப்பப்பான்ரை கதையைக் கேக்க அவளுக்கு விருப்பமாயெல்லே இருக்கும்."

அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஊர்விட்டு ஊர் வந்த பிள்ளை, முதன்முதலாகச் சொந்தக்காரரின் வீட்டுக்கு வந்து, ஒரு பேஸ்மென்ர் நிறைய ஆட்கள் தன்னுடைய அப்பப்பாவைப் பார்த்துச் சிரிப்பதைக் கேட்கப் போகிறாள். அண்ணையின் கையில் ஒரு காசை வைத்தாக வேண்டும். படம் அல்ல, காசு. மேல் மாடிக்காரரின் காசை இரவல் கேட்கலாம் என்று மகள் சொன்னாள். அவர் அதைப் பிளாஸ்ரிக் கூட்டுக்குள் வைத்துப் பெயர் எழுதிப் பூட்டிவிட்டார். அப்படி ஒன்றைக் கொண்டுபோனால் இதுவும் செய்வித்தது என்பார் அண்ணை. கடையிலும் பஸ்ஸிலும் புழங்குகிற காசாக இருக்க வேண்டும். நானே தேடுவது என்று முடிவெடுத்தேன்.

மகள் ஒரு கண்ணாடி வாங்கித் தந்தாள். வங்கியில் டொலர் சுருள்களை வாங்கி வந்து, குசினி மேசையில் வெள்ளைத் துணி விரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பார்த்ததைச் சுற்றி இன்னொரு வங்கிக் கிளையில் கொடுத்துவிட்டு வேறு சுருள் வாங்கினேன். ஒரே கிளையில் கொடுத்தால் பார்த்த காசே திரும்பி வரும் என்று பட்டுத் தெரிந்துகொண்டேன். கோடு கண்ட இடமெல்லாம் கண்ணாடியைக் கிட்டக் கொண்டுபோவேன். நகத்தை வைத்தால் பள்ளம். வெறும் கீறல். ராணியின் கன்னத்தில் கீறல், பறவையின் சிறகில் கீறல், ஆட்கள் காசைக் கொண்டு என்னதான் செய்கிறார்களோ. கண் கடுத்தால் முகம் கழுவிவிட்டு வந்து இருந்தேன். வங்கிப் பெண் பிள்ளைகள் என்னைக் கண்டால் ஒளிக்கிறார்கள் என்று மகள் பகிடி பண்ணினாள். ஒளிக்கட்டும். நாக்கு எழும்பாமல் வங்கி வாசலோடு திரும்பி வந்த நான்தான், இப்போது வரிசையில் நின்று விரலால் சுருளைக் காட்டிக் கேட்டு வாங்கினேன்.

ஐப்பசி பிறந்தும் கிடைக்கவில்லை. எங்கள் தெரு முனையில் டெப்பனர், சின்னப் பலசரக்குக் கடை, வைத்திருக்கிறவர் மட்டக்களப்புத் தம்பி. நான் இருக்கப் பால் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து விட்டு, காசு போடுகிற லாச்சியை இழுத்து அதிலுள்ளதைப் பார்க்க என்னை விட்டார்.

"என்னம்மா, பறவைக்குக் காய்ச்சலா? இப்பிடிப் பார்க்கிறீங்க" என்பார். சனம் வந்தால், "கொஞ்சம் பொறுங்க, டொக்டர் பார்க்கிறா" என்பார். நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு பார்த்துக்கொண்டே இருப்பேன். மறுகா வாங்கம்மா, கடை பூட்டப் போறன் என்று சொல்லும் வரைக்கும் எழும்பமாட்டேன்.

அண்ணையின் பிறந்தநாளுக்கு முந்தின கிழமை, ஒரு பொம்பிளைப் பிள்ளை பாண் வாங்கிவிட்டுக் கொடுத்த காசு. தம்பி அதை லாச்சிக்குள் போடாமல் நேரே என் கையில் தந்தார். இந்த முறை நான் கண்ணாடியை எடுக்கவில்லை. நகத்தைத்தான் முதலில் வைத்தேன். பறவையின் முதுகில் ஏறி விளிம்பு வரைக்கும் தடக்கித் தடக்கிப் போனது.

என்னுடைய கையில் இருந்த இன்னொரு டொலரை அவருக்குக் கொடுத்துவிட்டு எழும்பினேன். தங்கம் கிடைச்சா பாதி எனக்கு என்று பின்னாலிருந்து சொன்னார். எனக்குத் திரும்பிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. மேல் மாடிக்காரர் கண்ணாடியால் பார்த்துவிட்டு, தன்னிடமிருந்த எதையாவது எடுத்துக்கொண்டு இதைத் தரச் சொல்லிக் கையால் காட்டினார். நான் தலையாட்டி மறுத்துவிட்டு, மெர்சி சொல்லிக்கொண்டு வந்தேன்.

பிறந்தநாளன்று எல்லோருக்கும் முன்னால் அண்ணையைப் பிடித்துவிட வேண்டும் என்று வெள்ளனவே பஸ் எடுத்தேன். லாசாலிலிருந்து பியர்பொன்ட்ஸ் ஒரு ஊர்ப் பயணம். அன்றைக்குத்தான் முதல் பனியும் கொட்டியது. போய்ச் சேரும்போது பாதிப் பேர் வந்துவிட்டார்கள். அண்ணையைக் குசினி மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காசைக் கையில் வைத்தேன். நகத்தால் தடவினார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது கனடாக் காசு, தங்கச்சி" என்றார். "இதிலை கோடு விழுந்தா, அது நல்ல காசு எண்டு ஆகிவிடுமோ? மாமான்ரை ஈயமெல்லே."

யாரோ கூப்பிட்டார்கள். காசைக் கையில் வைத்தபடியே போய்விட்டார். இரண்டு மாதம் தேடியது அந்த ஒரு கேள்வியோடு முடிந்துபோனது.

மாமாவின் பேத்தி வந்தாள். கையில் ஒரு சின்னச் சட்டியில் கறிவேப்பிலைக் கன்று. மாமாவின் நெற்றி அப்படியே. என்னை மாமி என்று கூப்பிட்டுப் பக்கத்தில் வந்து இருந்தாள். கேக் வெட்டினார்கள். யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். அண்ணை என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

அண்ணை நன்றாகக் கதை சொல்லுவார். அதை நான் மறுக்கமாட்டேன். கடை வந்தது, ஈய மணி வந்தது, பலகை வந்தது. அந்தப் பிள்ளை மரியாதைக்காகச் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். மடியில் இருந்த அவளுடைய விரல்கள் ஒன்றை ஒன்று நெரித்துக்கொண்டிருந்தன. முதலாம் ஆணி வளைந்தது. இரண்டாம் ஆணி வளைந்தது. பிள்ளைகள் கடைசி வசனத்துக்குத் தயாராக முன்னுக்கு வந்து குந்தினார்கள். மூன்றாம் ஆணி ரோட்டுக்குத் தெறித்தது என்று அண்ணை கையை வீசிக் காட்டினார். அந்தக் கைக்குள்தான் என்னுடைய டொலர் இருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. எத்தனை முறை கேட்ட கதை. எழும்பி நின்றேன்.

"அண்ணை, ஈயத்திலையோ ஆணி வளைஞ்சது?"

இவ்வளவுதான் கேட்டேன். என்னுடைய குரலை அந்த வீட்டில் பலர் அன்றைக்குத்தான் கேட்டார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணை வாயைத் திறந்தார். ராசா தலைக் காசுகளை முதலாளி ஒரே அடியில் இறக்கியது அவருக்கும் தெரியும். ஈயத்தை எங்கள் பல்லால் கடித்தாலே பதியும். மாமாவின் வேலையிடத்தில் கடித்துப் பார்த்து அடி வாங்கியவரே அண்ணைதான். அவர் திறந்த வாயோடு கையில் இருந்த டொலரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணை மறந்துவிட்டார் என்று நினைத்தார்களோ என்னவோ, முன்னால் குந்தியிருந்த பிள்ளைகள் சேர்ந்து எடுத்துக் கொடுத்தார்கள்:

"அந்த ஆணி காணாது, முதலாளி."

ஒருவரும் சிரிக்கவில்லை.

"அவர் சொன்னவர்" என்றார் அண்ணை. "எல்லாருக்கும் முன்னாலை நிண்டு சொன்னவர். நாங்கள் சிரிச்சனாங்கள்."

பிறகு அவர் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் வந்து இருந்து, முதலிலிருந்து திரும்பச் சொன்னார். இந்த முறை கையை வீசாமல் சொன்னார். அவளுக்கு இது ஒன்றுமே தெரியாது. அப்பப்பா சொன்னதே இல்லையாம். கேட்டு முடிய என் பக்கம் திரும்பினாள்.

"அப்பப்பா குத்திக் காசு தொடமாட்டார், மாமி" என்றாள். "கடையிலை மிச்சம் குடுத்தா, காசு வேண்டாம், இனிப்பாத் தாங்கோ எண்டு கேட்டு வாங்கிக்கொண்டு வருவார். எங்களிலை உள்ள விருப்பத்திலை எண்டுதான் நாங்கள் நினைச்சம்."

நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அண்ணை அந்த டொலரை அவளுக்குக் கொடுத்தார். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு முன்னால் மாமா வரவில்லை, அந்த முதலாளிதான் வந்தார். முதலாம் ஆணி வளைந்தபோதே அவருக்குத் தெரிந்திருக்கும். எத்தனை காசுக்கு ஆணி அடித்த கை அது. இரண்டாம் ஆணியை எடுத்தபோது சந்தியில் அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது வளைந்தபோது மாமா அவருக்கு ஒரு வழி திறந்துவிட்டார். எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக, ஆனால் இது ஈயம் இல்லை என்று அவருக்கு மட்டும் விளங்கத்தக்கதாக. அவர் நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும். சுத்தியலை வைத்தார், துறப்பணத்தை எடுத்தார்.

பலகைக்கு முன்னால் நின்ற எட்டு வயதுப் பிள்ளைக்கு இதில் ஒன்றும் தெரியாது. ஆணி வளைந்தது சிரிப்பு. மாமா சொன்னது பகிடி. பலகாரம் மிஞ்சியது அதிர்ஷ்டம். முதலாளி ஏன் காசு வாங்காமல் இனிப்புத் தருகிறார், தரும்போது ஏன் முகத்தைத் தராசுப் பக்கம் திருப்பிக்கொள்கிறார் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. நல்ல மனிசன் என்று நினைத்துக்கொண்டு, அவ்வளவு இனிப்பையும் ஒன்று விடாமல் தின்றாள்.

இதைக் கணினியில் அடிக்கிற பிள்ளையிடம் ஒரு உதவி கேட்கிறேன். இலங்கையில் ரூபாய்க்குக் குத்தி வந்தது எந்த ஆண்டு என்று ஒருக்கால் பார்த்துப் போடவும். அது என்ன உலோகம் என்றும் தெரிந்தால் நல்லது, ஈயம் இல்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயம். இந்த டொலருக்குப் பதினொரு மூலை என்று நான் எண்ணினேன், எண்ணத் தொடங்கிய மூலையை மறந்து கூடவோ குறையவோ சொல்லியிருக்கலாம், அதையும் பார்க்கவும். எழுத்துப் பிழை எல்லாம் திருத்துங்கள். மாமா சொன்ன அந்த ஒரு வசனத்தை மட்டும் உள்ளபடி விட்டுவிடுங்கள்.